கம்பெனி தன் பங்கைத் தானே வாங்கலாமா?

இன்று நம் குடும்பங்களில் கம்பெனிப் பங்கு வைத்திருப்போர் பலர் உண்டு. தந்தை விட்டுச் சென்ற பங்கு, மகன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பங்கு, ஒரு தாயார் தம் மஹர் பணத்தைப் போட்டு வைத்த பங்கு என்று அது பலவிதம். இவர்களுக்கு ஒரு நாள் கம்பெனியிடமிருந்து ஓர் அறிவிப்பு வருகிறது: “எங்கள் பங்குகளை இன்ன விலைக்கு நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம். விருப்பமுள்ளோர் இன்ன தேதிக்குள் கொடுக்கலாம்.” அந்த விலை பெரும்பாலும் சந்தை விலையைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

கையில் உள்ளதைக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா? இப்படி வாங்குவது கம்பெனிக்கு நன்மையா, தீமையா? அதிலும், இன்னும் வளர வேண்டிய நிலையில் உள்ள கம்பெனி தன் பணத்தை இந்த வழியில் செலவிடலாமா?

இது பெரும் பணக்காரர்களின் பேச்சு, நமக்கென்ன என்று இருந்துவிடுவதற்கில்லை. பத்துப் பங்கு வைத்திருப்பவரும் அந்த வியாபாரத்தில் ஒரு கூட்டாளியே. கூட்டாளிக்கு லாபத்தில் உரிமை இருப்பதுபோல, தம் பணம் எவ்வாறு கையாளப்படுகிறது என்பதை அறிந்துகொள்ளும் பொறுப்பும் இருக்கிறது. ஆகவே இந்த விஷயத்தைப் படிப்படியாகப் பார்ப்போம்.

திரும்ப வாங்குதல் என்றால் என்ன?

ஒரு கம்பெனிக்கு மொத்தம் 1,000 பங்குகள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு லாபம் 1,00,000 ரூபாய். அப்படியானால் பங்கு ஒன்றுக்கு உரிய லாபம் 100 ரூபாய். சந்தையில் ஒரு பங்கின் விலை 1,000 ரூபாய். கம்பெனியின் கையில் 2,00,000 ரூபாய் வேலையின்றிக் கிடக்கிறது.

அந்தப் பணத்தைக் கொண்டு கம்பெனி தன்னுடைய 200 பங்குகளை வாங்கி ரத்துச் செய்துவிடுகிறது. மீதம் 800 பங்குகள். லாபம் அதே 1,00,000 ரூபாய்தான். ஆனால் இப்போது பங்கு ஒன்றுக்கு 125 ரூபாய் வருகிறது. வியாபாரம் ஒரு காசுகூடப் பெருகவில்லை. பங்கிட்டுக்கொள்ளும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இப்போது அதே 2,00,000 ரூபாயைப் புதிய இயந்திரம் வாங்கவோ, புதிய ஊரில் கிளை திறக்கவோ போட்டால் என்ன ஆகும்? அதில் ஆண்டுக்கு 25 சதவிகிதம் கிடைக்குமானால் லாபம் 1,50,000 ரூபாயாகிறது. பங்குகள் குறையவில்லை, ஆயினும் பங்கு ஒன்றுக்கு 150 ரூபாய் வருகிறது. திரும்ப வாங்கியதைவிட இது மேல். அந்தப் புதிய வேலையில் 5 சதவிகிதம்தான் கிடைக்கும் என்றால், பங்கு ஒன்றுக்கு 110 ரூபாயே வரும். அப்போது திரும்ப வாங்குவதே மேல். இரண்டும் சமமாகும் இடம், மேற்சொன்ன கணக்கில், 12½ சதவிகிதம்.

விலையையும் கவனிக்க வேண்டும். அதே பங்கு சந்தையில் 2,000 ரூபாய்க்கு விற்றால், 2,00,000 ரூபாய்க்கு 100 பங்குகள்தான் கிடைக்கும். மீதமுள்ள 900 பங்குகளுக்கு ஆளுக்கு 111 ரூபாய் சொச்சம். ஆண்டுக்கு 6 சதவிகிதம் தரக்கூடிய ஒரு சாதாரண வேலைகூட அதைவிடக் கூடுதலாகத் தந்துவிடும்.

ஆக, இந்தக் கேள்விக்கு விடை இரண்டு பொருள்களில் அடங்கியிருக்கிறது. ஒன்று, கம்பெனிக்குத் தன் சொந்த வியாபாரத்திலேயே பணத்தைப் போட நல்ல இடம் இருக்கிறதா என்பது. மற்றொன்று, பங்கின் விலை அதன் உண்மை மதிப்புக்கு மேலா, கீழா என்பது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

சட்டம் ஏன் நெடுநாள் தடுத்தது?

கம்பெனி தன் பங்கைத் தானே வாங்குவது ஒரு காலத்தில் பல நாடுகளில் கூடாத காரியமாக இருந்தது. இங்கிலாந்தின் அன்றைய உச்ச மன்றமான பிரபுக்கள் சபை 1887ஆம் ஆண்டில் ட்ரெவர் என்பாருக்கும் விட்வொர்த் என்பாருக்கும் இடையிலான வழக்கில் அதைத் தடுத்துத் தீர்ப்பளித்தது. காரணம் எளிது. கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்களும் சரக்குக் கொடுத்தவர்களும் அதன் மூலதனத்தை நம்பியே கொடுக்கிறார்கள். அந்த மூலதனத்தைப் பங்குதாரர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டால், கடன்காரர்களின் ஹக்கு என்னாவது?

நம் நாட்டின் 1956ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டமும் இந்த வழியையே பின்பற்றியது. 1998இல்தான் நிபந்தனைகளோடு கதவு திறக்கப்பட்டது. இப்போது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 68ஆவது பிரிவு இதை ஒழுங்குபடுத்துகிறது. அதன் முக்கிய நிபந்தனைகளை நாம் அறிந்திருப்பது நல்லது.

மூலதனமும் தாராள ஒதுக்கு நிதியும் சேர்ந்த தொகையில் 25 சதவிகிதத்துக்கு மேல் இதற்குச் செலவிடக் கூடாது. திரும்ப வாங்கிய பின் கம்பெனியின் கடன், அந்த மூலதனத்தையும் ஒதுக்கு நிதியையும் போல் இரு மடங்குக்கு மேல் இருக்கக் கூடாது. 10 சதவிகிதம் வரை இயக்குநர்களே தீர்மானிக்கலாம். அதற்கு மேல் என்றால் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். வாங்கிய பங்குகளை ஏழு நாட்களுக்குள் அழித்துவிட வேண்டும். அதன்பின் குறைந்தது ஆறு மாதத்துக்கு அதே வகைப் பங்கைப் புதிதாக விற்கக் கூடாது. போனஸ் பங்கு போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இந்த நிபந்தனைகளைச் சேர்த்துப் பார்த்தால் சட்டத்தின் நோக்கம் விளங்கும். முதலில் கடன் கொடுத்தவர், பிறகுதான் பங்குதாரர் என்பதே அது. வாரிசுகளுக்குச் சொத்தைப் பிரிக்கும் முன் மையித்தின் கடனை அடைக்க வேண்டும் என்று அறிந்திருக்கும் நமக்கு இந்த வரிசை புதிதல்ல.

ஆதரிப்போர் சொல்லும் நியாயம்

இதை ஆதரிப்போர் சொல்வதையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். நன்கு வளர்ந்து முடிந்த கம்பெனியில் ஆண்டுதோறும் பணம் குவிகிறது. அதைப் போட நல்ல இடம் இல்லை. இயக்குநர்கள் கையில் மிதமிஞ்சிய பணம் இருந்தால் தெரியாத தொழிலில் கைவைத்து நஷ்டப்படுவார்கள். அதைவிடச் சொந்தக்காரர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது மேலல்லவா? டிவிடெண்டாகக் கொடுத்தால் எல்லாருக்கும் போய்ச் சேரும். திரும்ப வாங்கினால் பணம் தேவைப்படுபவர் மட்டும் பங்கைக் கொடுத்துவிட்டுப் பணம் பெறுவார், வேண்டாதவர் இருந்துகொள்வார்.

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. டாட்டா கன்சல்டன்ஸி சர்வீசஸ் கம்பெனி 2017இல் 16,000 கோடி ரூபாய்க்கும், இன்ஃபோசிஸ் கம்பெனி அதே ஆண்டில் 13,000 கோடி ரூபாய்க்கும் தம் பங்குகளைத் திரும்ப வாங்கின. கணினித் தொழிலுக்குப் பெரிய ஆலைகளோ சுரங்கங்களோ தேவையில்லை. தொழிலுக்கு வேண்டியது போக மிஞ்சிய பணம் அது. மிஞ்சியதைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆனால் கவனியுங்கள்: இந்த நியாயத்தின் வேர் “மிஞ்சிய பணம்” என்ற சொல்லில் இருக்கிறது. வளரும் கம்பெனியிடம் மிஞ்சிய பணம் என்று ஒன்று உண்டா என்பதே நம் கேள்வி.

வளரும் கம்பெனியின் நிலை வேறு

நமக்குத் தெரிந்த ஓர் உதாரணத்தால் இதை விளங்கிக்கொள்வோம். மூன்று சகோதரர்கள் கூட்டாக ஒரு ஜவுளிக் கடை நடத்துகிறார்கள். கடை நன்றாக ஓடுகிறது. ஷஅபான் மாதத்தில் பெருநாள் சரக்கு எடுப்பதற்காகப் பணம் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு சகோதரர் பங்கைப் பிரித்துக்கொண்டு போக விரும்புகிறார். மற்ற இருவரும், “சரி, இனி லாபம் நம் இருவருக்குத்தானே” என்ற மகிழ்ச்சியில் சரக்குப் பணத்தை எடுத்து அவர் கணக்கைத் தீர்த்துவிடுகிறார்கள். ரமளான் பிறக்கிறது. அலமாரியில் சரக்கு இல்லை. பங்காளிகள் குறைந்தார்கள், பங்கிட லாபமும் குறைந்தது. பிறகு கைமாற்றுக்கு அலைய வேண்டியதாகிறது.

பெரிய கம்பெனிகளிலும் நடப்பது இதுவே. இதற்கு ஆவணங்களில் பதிவாகியுள்ள ஒரு தெளிவான சான்று அமெரிக்காவின் நெட்ஃபிளிக்ஸ் கம்பெனி. தபாலில் படத்தட்டுகளை அனுப்பி வாடகை வாங்குவதாகத் தொடங்கிய அக்கம்பெனி, இணையம் வழியே படம் காட்டும் தொழிலுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. 2007 முதலே அது தன் பங்குகளைத் திரும்ப வாங்கி வந்தது. 2011இல் ஏறத்தாழ 9 லட்சம் பங்குகளைச் சராசரியாக 222 டாலர் விலையில் வாங்கியது. செலவு சுமார் 20 கோடி டாலர்.

அந்த ஆண்டு ஜூலையில் பங்கின் விலை 300 டாலர் அளவுக்கு ஏறியிருந்தது. அந்த மாதமே கம்பெனி தன் கட்டணத்தை உயர்த்தியது. செப்டம்பரில் தொழிலை இரண்டாகப் பிரிக்கப் போவதாக அறிவித்து அக்டோபரில் அதைக் கைவிட்டது. மூன்றே மாதத்தில் அமெரிக்காவில் சுமார் 8 லட்சம் சந்தாதாரர்கள் குறைந்தார்கள். பங்கு விலை சரிந்தது. மறுபுறம் புதிய படங்களின் உரிமைக்கும், 2012 ஜனவரியில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் தொழில் தொடங்குவதற்கும் பணம் தேவைப்பட்டது. ஆகவே 2011 நவம்பரில் கம்பெனி புதுப் பங்குகளை விற்றது. விலை 70 டாலர். திரட்டிய தொகை 20 கோடி டாலர். பங்காக மாற்றத்தக்க கடன் பத்திரங்கள் மூலம் மேலும் 20 கோடி டாலர் பெற்றது.

இந்தக் கணக்கை ஒருமுறை பார்ப்போம். 20 கோடி டாலரைக் கொடுத்து 9 லட்சம் பங்குகள் வாங்கப்பட்டன. அதே 20 கோடி டாலரை அதே ஆண்டில் திரும்பப் பெற 28 லட்சத்துக்கும் அதிகமான பங்குகளை விற்க வேண்டியதாயிற்று. ஒரு தட்டைக் கொடுத்து மூன்று தட்டு திருப்பிக் கேட்கப்பட்டது போலாயிற்று. இந்த நஷ்டம் யாருடையது? கம்பெனியை நம்பி அதில் நிலைத்திருந்த பங்குதாரர்களுடையது.

அக்கம்பெனி அதனால் அழிந்துவிடவில்லை. பின்னர் மிகப் பெரிதாக வளர்ந்தது. அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2011க்குப் பின் பல ஆண்டுகள் அது பங்குகளை வாங்காமல், படங்களிலும் புதிய நாடுகளிலும் பணத்தைப் போட்டது. 2021 ஜனவரியில்தான், அன்றாடத் தொழிலுக்கு இனி வெளியிலிருந்து நிதி திரட்டத் தேவையில்லை என்று அறிவித்தது. அதன்பின் அதே ஆண்டில் 500 கோடி டாலர் வரை பங்குகளைத் திரும்ப வாங்க அதன் நிர்வாகக் குழு அனுமதி அளித்தது. கம்பெனி ஒன்றே, செயலும் ஒன்றே. முதல் முறை வளர்ச்சிக்கு வேண்டிய பணம் போயிற்று. இரண்டாம் முறை வளர்ச்சியின் செலவு போக மிஞ்சியது போயிற்று. வேற்றுமை இதுதான்.

காலம் அறிந்து வாங்கியவர்

இதற்கு மறுபக்கமாகவும் ஒரு சான்று உண்டு. அமெரிக்காவில் ஹென்றி சிங்கில்டன் என்பவர் 1960இல் டெலிடைன் என்ற கம்பெனியை மற்றொருவரோடு சேர்ந்து தொடங்கினார். அந்தப் பத்தாண்டில் அதன் பங்குக்குச் சந்தையில் மிக உயர்ந்த விலை இருந்தது. அப்போது அவர் தம் பங்கை வாங்கவில்லை. மாறாக, விலையுயர்ந்த தம் பங்குகளைக் கொடுத்து நூற்றுக்கும் மேற்பட்ட சிறு கம்பெனிகளை வாங்கித் தொழிலைப் பெருக்கினார். 1960களின் இறுதியில் அந்த வழியை நிறுத்திக்கொண்டார்.

1970களில் சந்தை வீழ்ந்தது. டெலிடைன் பங்கின் விலையும் வீழ்ந்தது. ஆனால் தொழிலில் பணம் வந்துகொண்டிருந்தது. இப்போது அவர் வாங்கத் தொடங்கினார். 1972க்கும் 1984க்கும் இடையே எட்டு முறை பங்குதாரர்களுக்கு அழைப்பு விடுத்து, மொத்தப் பங்குகளில் சுமார் 90 சதவிகிதத்தைத் திரும்ப வாங்கிவிட்டார். இருந்துகொண்டவர்களுக்குப் பெரும் லாபம் கிடைத்தது.

வளரும் காலத்தில் பங்கை விற்று வளர்ந்தார். வளர்ந்த பின், விலை தாழ்ந்த காலத்தில், மிஞ்சிய பணத்தால் வாங்கினார். பல கம்பெனிகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. வியாபாரம் செழிப்பாக இருக்கும்போது விலையும் உச்சத்தில் இருக்கும், கையில் பணமும் இருக்கும். அப்போது வாங்குகின்றன. மந்தம் வந்து விலை வீழும்போது கையில் பணம் இருப்பதில்லை, அப்போது விற்கின்றன.

கடன் பட்டு வாங்குதல்

கையில் பணம் இல்லாமல் வட்டிக்குக் கடன் வாங்கித் தன் பங்கைத் திரும்ப வாங்கும் கம்பெனிகளும் உண்டு. வட்டி எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது நமக்கு விலக்கப்பட்டது என்பதில் பேச்சுக்கே இடமில்லை. உலகக் கணக்காகப் பார்த்தாலும் அதன் முடிவு எப்படியிருக்கும் என்பதற்கு பெட் பாத் அண்ட் பியாண்ட் என்ற அமெரிக்க வீட்டுச் சாமான் கடைகளின் கதை போதும்.

பல்லாண்டுகள் பெரிய கடனின்றி வளர்ந்த கம்பெனி அது. 2014இல் 150 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்கள் வெளியிட்டு, அந்தப் பணத்தைத் தன் பங்குகளைத் திரும்ப வாங்குவதில் ஈடுபடுத்தியது. 2004 முதல் அது இந்த வழியில் செலவிட்டது மொத்தம் 1,100 கோடி டாலருக்கு மேல். இந்த ஆண்டுகளில் மக்கள் இணையம் வழியே சாமான் வாங்கும் பழக்கத்துக்கு மாறிவிட்டார்கள்; அதற்கேற்பக் கடையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2023 ஏப்ரலில் கம்பெனி திவால் மனுக் கொடுத்தது. அப்போது அதன் கடன் சுமார் 520 கோடி டாலர். பங்குகளில் கொட்டிய தொகையில் பாதிகூட அக்கடனை அடைத்திருக்கும். கடைசி வரை பங்கை விற்காமல் காத்திருந்தவர்களின் பங்குகள் அந்த ஆண்டிலேயே செல்லாதனவாயின.

அதன் வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கடன் இல்லாத கடைக்குக் கெட்ட காலம் வந்தால் அது தாங்கிக்கொள்ளும். கடன் பட்ட கடைக்கு மூச்சுவிட அவகாசம் இருக்காது. இது நம் கடைத்தெருவில் உள்ள எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்லும் விஷயம்.

அறிந்தவர் வாங்க, அறியாதவர் விற்க

இனி வருவது இந்த விஷயத்தில் மிக நுட்பமான பகுதி. வாசகர்கள் நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம்.

“விலை தாழ்ந்திருக்கும்போது வாங்குவது நல்லது” என்றோம். யாருக்கு நல்லது? மீண்டும் நம் 1,000 பங்குக் கம்பெனிக்கு வருவோம். ஒரு பங்கின் உண்மை மதிப்பு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மொத்த மதிப்பு 10,00,000 ரூபாய். கம்பெனி 200 பங்குகளை 750 ரூபாய் வீதம் வாங்குகிறது. செலவு 1,50,000. மீதமுள்ள 8,50,000 ரூபாயை 800 பங்குகளுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றும் 1,062 ரூபாய் 50 காசு. இருந்தவர்களுக்குப் பங்குக்கு 62 ரூபாய் 50 காசு லாபம், மொத்தம் 50,000. போனவர்களுக்குப் பங்குக்கு 250 ரூபாய் நஷ்டம். மொத்தம் அதே 50,000. இவர் பையிலிருந்து அவர் பைக்குப் போயிருக்கிறது.

விலை 1,500 ரூபாய் என்றால் இதற்கு நேர்மாறு. 200 பங்குகளுக்கு 3,00,000 செலவாகி, மீதமுள்ள 7,00,000 ரூபாய் 800 பங்குகளுக்கு 875 வீதமே வரும். போனவர்களுக்கு லாபம், இருந்தவர்களுக்கு நஷ்டம்.

போகிறவரும் கூட்டாளி, இருக்கிறவரும் கூட்டாளி. நிர்வாகிகள் இருவருடைய பணத்துக்கும் அமானிதக்காரர்கள். அப்படியிருக்க, கம்பெனிக்கு அடுத்த மாதம் ஒரு பெரிய ஒப்பந்தம் வரப்போகிறது என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்து, வெளியே இருக்கும் ஒரு விதவைத் தாயாருக்குத் தெரியாத நிலையில், அவருடைய பங்கைக் குறைந்த விலைக்கு வாங்குவது என்னவாகும்? விற்பவர் சரக்கின் குறையை மறைக்கக் கூடாது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். இங்கே வாங்குபவர் சரக்கின் நிறைவை மறைக்கிறார். அதுவும் தம் சொந்தக் கூட்டாளியிடம்! இரண்டும் மோசடியே.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவின் புகழ்பெற்ற முதலீட்டாளர் வாரன் பஃபெட், தம் பெர்க்ஷயர் ஹாத்தவே கம்பெனியின் பங்குதாரர்களுக்கு 1999ஆம் ஆண்டுக்காக எழுதிய கடிதத்தில் திரும்ப வாங்குவதற்கு மூன்று நிபந்தனைகளை வைத்தார். தொழிலின் தேவைக்கு மேல் நிதி இருக்க வேண்டும். கடுமையாகக் கணக்கிட்ட உண்மை மதிப்புக்குக் கீழே விலை இருக்க வேண்டும். அந்த மதிப்பைத் தாமே கணிக்கத் தேவையான செய்தி முழுவதும் பங்குதாரர்களுக்குத் தரப்பட்டிருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனைதான் முதல் இரண்டையும் நேர்மையாக்குகிறது.

இன்னும் இரண்டு மறைவான விஷயங்களைக் கவனிக்க வேண்டும். வளரும் கம்பெனிகள் தம் ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு பங்குகளும் தருகின்றன. ஒரு பக்கம் 50 பங்குகளைக் கொடுத்துவிட்டு, மறுபக்கம் 50 பங்குகளை வாங்கினால் எண்ணிக்கை குறைவதில்லை. பணம் மட்டும் குறைகிறது. அது உண்மையில் சம்பளச் செலவு. அதைப் பங்குதாரர்களுக்குத் திருப்பிக் கொடுத்ததாகச் சொல்வது சரியல்ல. அடுத்து, பங்கு ஒன்றுக்குரிய லாபம் இன்ன அளவு ஏறினால் நிர்வாகிகளுக்குப் போனஸ் என்று சில கம்பெனிகளில் ஏற்பாடு இருக்கும். வியாபாரம் பெருகாமலே அந்த எண் 100லிருந்து 125 ஆவதை நாம் மேலே பார்த்தோம். போனஸ் பெறுவோரே திரும்ப வாங்கும் முடிவையும் எடுப்பார்களானால், யாருடைய நன்மைக்காக என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

வீட்டார் கவனிக்க வேண்டியவை

அறிவிப்பு வந்தவுடன் கூடுதல் விலை என்ற ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்துவிட வேண்டாம். அழைப்புக் கடிதத்தை முழுவதும் படியுங்கள். ஆங்கிலம் அறிந்த பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பணம் எங்கிருந்து வருகிறது, வங்கிக் கடன் அதில் உண்டா, நிர்வாகக் குடும்பத்தினர் தம் பங்குகளைக் கொடுக்கிறார்களா, கடந்த மூன்று ஆண்டுகளில் கம்பெனி புதுப் பங்கு விற்றிருக்கிறதா என்ற நான்கையும் அதில் தேடுங்கள். நிர்வாகக் குடும்பமே பெருமளவு பங்குகளைக் கொடுத்துவிட்டுப் பணம் எடுக்குமானால் அதற்குக் காரணம் கேளுங்கள்.

அழைப்பு வழியில் வாங்கும்போது, 2 லட்சம் ரூபாய் மதிப்புக்கு மேற்படாத பங்கு வைத்திருக்கும் சிறு பங்குதாரர்களுக்கு, வாங்கும் தொகையில் 15 சதவிகிதமாவது ஒதுக்க வேண்டும் என்று செபியின் விதி இருக்கிறது. நம் வீட்டார் பலர் இந்த வகையில் அடங்குவர். ஆயினும் கொடுத்த பங்கு அனைத்தும் எடுத்துக்கொள்ளப்படும் என்பதில்லை. ஒரு பகுதி திரும்பி வரலாம்.

வரியைக் குறித்தும் எச்சரிக்கை தேவை. பட்டியலில் உள்ள கம்பெனிகளுக்கு 2019 ஜூலை முதல் கம்பெனியே வரி கட்டும் முறை இருந்தது. 2024 அக்டோபர் முதல் பெற்ற தொகையை டிவிடெண்டு வருமானமாகக் கருதிப் பங்குதாரர் மீது வரி விதிக்கும் முறை வந்தது. இந்த விதி அடிக்கடி மாறுவதால், அந்தந்த ஆண்டின் விதியைக் கணக்கர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

ஜகாத்தையும் மறந்துவிடக் கூடாது. பங்காக இருக்கும்போது அதற்கு ஜகாத் கணக்கிடுவதில் பலவகைக் கருத்துகள் உண்டு. அதை உங்கள் ஆலிம்களிடம் கேட்டறியுங்கள். ஆனால் பங்கைக் கொடுத்துப் பணமாகப் பெற்று, உங்கள் ஜகாத் கணக்கு நாளில் அது கையிலோ வங்கியிலோ இருக்குமானால், அது மற்றப் பணத்தோடு சேர்த்து எண்ணப்பட வேண்டியதே.

சொந்தத்தில் கம்பெனி நடத்துவோருக்கும் ஒரு சொல். உங்கள் கம்பெனியிலிருந்து ஒரு கூட்டாளி விலக விரும்பினால், நடுநிலையான ஒருவரைக் கொண்டு மதிப்பிட்டு, ஏடுகளைத் திறந்து காட்டி, வரவிருக்கும் ஒப்பந்தங்களையும் சொல்லிவிட்டு விலை பேசுங்கள். சரக்குப் பணத்தைத் தொடாமல், அவர் சம்மதித்தால் தவணை வைத்துத் தீருங்கள். தவணையை எழுதி வையுங்கள்.

முடிவு

இதுவரை பார்த்தவற்றைச் சுருக்கிச் சொன்னால், வளர்ந்துகொண்டிருக்கும் கம்பெனி தன் பங்கைத் திரும்ப வாங்குவது பொதுவாக வேண்டாத காரியம் என்றே நாம் கருதுகிறோம். அதன் பணத்துக்கு அதன் வியாபாரமே முதல் உரிமைக்காரர். கீழ்க்கண்ட ஐந்தும் ஒருங்கே அமையுமானால் மட்டும் அதற்கு இடமுண்டு:

1. அடுத்த சில ஆண்டுகளின் வளர்ச்சிக்கு வேண்டிய பணம் தனியே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.

2. கெட்ட காலத்துக்கான கைப்பணமும், கடன்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் உரியதும் தொடப்படாமல் இருக்க வேண்டும்.

3. வாங்கும் பணம் வட்டிக் கடனாக இருக்கக் கூடாது.

4. விலை உண்மை மதிப்புக்கு மேற்படாதிருக்க வேண்டும்.

5. நிர்வாகிகள் அறிந்ததை எல்லாம், விற்கும் கூட்டாளியும் அறிந்திருக்க வேண்டும்.

இவற்றில் முதல் நான்கில் தவறினால் பணம் நஷ்டமாகும், பிறகு ஈடுகட்டிக்கொள்ளலாம். ஐந்தாவதில் தவறினால் பிறர் ஹக்கு நம் கணக்கில் சேர்ந்துவிடும். அதை எந்த லாபத்தாலும் ஈடுகட்ட முடியாது. பங்கு கொடுப்பவராயினும், வாங்கும் கம்பெனியை நடத்துபவராயினும், கூட்டாளிக்குக் கூட்டாளி நேர்மையாக நடந்துகொள்ள அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.